நான்கு ஸ்க்ரூ, இரண்டு ராடு: அம்மாவின் முதுகெலும்புக்கு அவை வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வெற்றிலையுடன் புகையிலை போடும் பழக்கமும் உண்டு. ஓராண்டாக நடக்கத் தொடங்கினால் இரண்டு கால்களிலும் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்துப் பிடிக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் போவதற்குள் இரண்டு இடங்களில் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிறது. எட்டு மாதம் மாத்திரையும் பிசியோதெரபியும் எடுத்தும் குறையவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், இடுப்பின் நான்காவது முள்ளெலும்பு ஐந்தாவதன் மீது முன்னால் நகர்ந்து நரம்பை அழுத்துவதாகத் தெரிந்தது. ஒரு மருத்துவர் 4 ஸ்க்ரூவும் 2 ராடும் வைத்து எலும்பை நிலைநிறுத்த வேண்டும் என்கிறார். இன்னொருவர், அழுத்தும் எலும்பை எடுத்தாலே போதும், ஸ்க்ரூ தேவையில்லை என்கிறார். முதுகில் ஸ்க்ரூ வைத்தால் ஆயுசுக்கும் படுக்கைதான், துருப்பிடிக்கும், கழன்றுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வெளிநாட்டு ஸ்க்ரூ என்றால் செலவு இரண்டு மடங்காம். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் அனுப்பியிருந்த அறிக்கைகளையும் நிதானமாகப் படித்தேன். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது, ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை அல்லது ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றுவது இயல்பு. உங்கள் அம்மாவின் விஷயத்தில் அப்படி முடிவு கட்ட வேண்டாம். இந்த நோய்க்கு ஸ்க்ரூ வைப்பதா, நரம்புக்கு இடம் மட்டும் ஏற்படுத்தினால் போதுமா என்பது முதுகெலும்பு மருத்துவர்களுக்குள்ளேயே பல ஆண்டுகளாக நடந்து வரும் விவாதம். இரண்டு பக்கத்துக்கும் நல்ல ஆதாரங்கள் உண்டு. உங்கள் அம்மா எந்தப் பக்கம் சேர்ந்தவர் என்பதைக் காட்டக்கூடிய இரண்டு விவரங்கள் நீங்கள் அனுப்பிய தாள்களில் இல்லை: அந்த எலும்பு நின்றாலும் குனிந்தாலும் எவ்வளவு நகர்கிறது என்பதும், அந்த எலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதும்தான் அவை. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் நாள் குறிக்க வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

முதலில் நோயைப் பற்றி. இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவில் முன்பக்கம் ஒரு டிஸ்க்கும், பின்பக்கம் இரண்டு சிறு மூட்டுகளும் உண்டு. வயது ஏற ஏற டிஸ்க் வற்றி உயரம் குறையும். பின்மூட்டுகள் தேய்ந்து தளரும். அப்போது மேல் எலும்பு கீழ் எலும்பின் மீது மெல்ல முன்னால் சறுக்கும். இது பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு, நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில்தான் வருகிறது. சறுக்கிய எலும்பும், தடித்துப்போன மூட்டும் தசைநாரும் சேர்ந்து நரம்புகள் செல்லும் குழாயைச் சுருக்குகின்றன. நிமிர்ந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் குழாய் மேலும் குறுகும். உட்கார்ந்தால், முன்னால் சாய்ந்தால் சற்று விரியும். உங்கள் அம்மா உட்கார்ந்ததும் வலி விடுவதற்குக் காரணம் அதுதான். உங்கள் அறிக்கையில் எலும்பு கால் பங்குக்கும் குறைவாகவே நகர்ந்திருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நான்கு படிகளாகப் பிரிக்கும் வழக்கத்தில் இது முதல் படி.

உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தரக்கூடிய ஒரு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் என்று நாம் அஞ்சும் அந்த உறுப்பு பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் அம்மாவுக்குப் பிரச்சினை இருக்கும் இடத்தில் இருப்பவை தண்டுவடத்திலிருந்து இறங்கி வரும் தனித்தனி நரம்புகள். அவையும் மதிப்பு மிக்கவைதான், அவற்றைக் காயப்படுத்தினால் கால் பலவீனம் வரும். ஆனால் இந்த மட்டத்து அறுவையில் தண்டுவடமே அறுந்து இரு கால்களும் போய்விடும் என்ற பயத்துக்கு உடற்கூற்றில் இடமில்லை.

அறுவையில் செய்யப்படுபவை இரண்டு தனி வேலைகள். இதை நீங்கள் தெளிவாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் வேலை, நரம்பை அழுத்தும் எலும்புப் பகுதியையும் தடித்த தசைநாரையும் எடுத்துக் குழாயை விரிவாக்குவது. நடந்தால் வரும் கால் வலியைக் குறைப்பது இந்த வேலைதான். இரண்டாவது வேலை, ஆடும் இரண்டு எலும்புகளையும் அசையாமல் பிடித்து, அவை ஒரே எலும்பாக ஒட்டி வளரச் செய்வது. ஸ்க்ரூவும் ராடும் இந்த இரண்டாவது வேலைக்கு உரியவை. ஸ்க்ரூ வைத்ததால் கால் வலி போனது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அந்த வலியைப் போக்கியது அதே அறுவையில் செய்த முதல் வேலை.

ஸ்க்ரூ எங்கே போகிறது என்பதையும் சொல்கிறேன். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் பின்பக்க வளைவையும் முன்பக்க உடலையும் இணைக்கும் இரண்டு கெட்டியான எலும்புத் தூண்கள் இருக்கின்றன. பெடிக்கிள் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். முள்ளெலும்பிலேயே வலுவான பகுதி அது. அதன் நடுவில் மெல்லிய கருவியால் வழி ஏற்படுத்தி, நுனி உருண்ட கம்பியால் நான்கு சுவர்களும் அடியும் உடையாமல் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்து, எக்ஸ்ரே படத்தில் சரிபார்த்த பிறகு, ஏறத்தாழ 6 அல்லது 7 மில்லிமீட்டர் தடிமனும் 40 முதல் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஸ்க்ரூவைச் செலுத்துகிறோம். நான்காவது எலும்பில் இரண்டு, ஐந்தாவதில் இரண்டு. ஒவ்வொரு பக்கத்து இரண்டு ஸ்க்ரூக்களின் தலையையும் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு ராடால் இணைத்து மேலே மறை போட்டு இறுக்குகிறோம். பிறகு, நரம்பை விடுவிக்கும்போது எடுத்த உங்கள் அம்மாவின் சொந்த எலும்பையே சிறு துண்டுகளாக்கிப் பக்கவாட்டில் பரப்புவார்கள். சிலர் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேஜ் என்னும் சிறு பெட்டியில் எலும்புத் தூள் அடைத்து வைப்பார்கள். பெடிக்கிளின் உட்சுவரையும் கீழ்ச்சுவரையும் ஒட்டியே நரம்பு போகிறது என்பதால், ஸ்க்ரூ பாதை மாறினால் நரம்பில் படலாம். இந்த அறுவையின் குறிப்பான ஆபத்து அதுதான். கணினி வழிகாட்டும் நேவிகேஷன் கருவியும் அறுவை அரங்கிலேயே எடுக்கும் சி.டி. படமும் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன; இவை இல்லாமலும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயின் துணையோடு அனுபவமுள்ள கைகள் இதை நன்றாகச் செய்கின்றன.

இந்த உலோகம் எதற்கு என்பதை நம் ஊர்க் கட்டட வேலையை வைத்துச் சொல்லலாம். கூரை கான்கிரீட் இறுகும் வரை அடியில் சென்ட்ரிங் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். சுமையை ஆயுளுக்கும் தாங்கப் போவது கான்கிரீட்தான், முட்டு அல்ல. ஸ்க்ரூவும் ராடும் அப்படிப்பட்ட முட்டுதான். எலும்பு ஒட்டிய பின்னும் அவற்றைப் பிரிக்காமல் உள்ளேயே விட்டுவிடுகிறோம் என்பது மட்டுமே வேறுபாடு. எலும்பு ஒட்ட ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். அந்தக் காலத்துக்குள் ஒட்டாவிட்டால், எவ்வளவு உயர்ந்த உலோகமாக இருந்தாலும், ஒவ்வோர் அசைவிலும் சிறிது சிறிதாக வளைந்து நிமிர்ந்து களைத்து, ஒன்று ஸ்க்ரூ எலும்பில் தளரும் அல்லது ராடோ ஸ்க்ரூவோ உடையும். உங்கள் உறவினர்கள் சொல்லும் ‘கழன்றுவிடும்’ என்பது இப்படித்தான் நடக்கிறது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒட்டாத எலும்போ, மெலிந்த எலும்போ, கிருமித் தொற்றோதான் இருக்கும்.

படுக்கை பற்றிய பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். 1891-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹாட்ரா என்ற மருத்துவர் முள்ளெலும்புகளின் பின்முனைகளைக் கம்பியால் கட்டிப் பார்த்தார். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இருவர் தனித்தனியாக, எலும்புக் காசநோய்க்கு முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் அறுவையை வெளியிட்டார்கள். அதில் உலோகமே கிடையாது, ஆகவே எலும்பு ஒட்டும் வரை நோயாளி மாதக்கணக்கில் படுக்கையிலும் மாவுக்கட்டிலும் கிடக்க வேண்டியிருந்தது. பிறகு ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு கோணிய குழந்தைகளுக்காகக் கொக்கியும் ராடும் உருவாக்கி 1962-இல் வெளியிட்டார். எலும்பை ஒட்டவைக்காமல் ராடு மட்டும் வைத்த தொடக்கக் காலத்தில் கொக்கிகள் விலகுவதையும் ராடுகள் உடைவதையும் கண்டு, உலோகம் உடைவதற்கும் எலும்பு ஒட்டுவதற்கும் இடையே ஓட்டப்பந்தயம் நடப்பதாக உணர்ந்தவர் அவர். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பந்தயம் அப்படியே இருக்கிறது. அந்த ராடு வைத்தவர்களும் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் இருந்தார்கள். பெடிக்கிள் வழியாக நீண்ட ஸ்க்ரூ செலுத்துவதைக் கனடாவின் பௌச்சர் 1959-இல் எழுதினார். பிரான்சின் ருவா-கமிய் 1963 முதல் அதை முறையாகச் செய்யத் தொடங்கினார். முள்ளெலும்பை முன்பக்கம் வரை ஊடுருவிப் பிடிக்கும் இந்த ஸ்க்ரூ வந்த பிறகுதான் நீண்ட படுக்கையும் மாவுக்கட்டும் தேவையற்றுப் போயின. ஆகவே ஸ்க்ரூ வைத்தால் படுக்கை என்பது தலைகீழான செய்தி: மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்க வைக்க முடிகிறது என்பதே ஸ்க்ரூவின் பெரிய கொடை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஸ்க்ரூ வைத்தால் எலும்பு நன்றாக ஒட்டுகிறது என்பதில் ஐயமில்லை. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதே நோய்க்கு நரம்பை விடுவித்து எலும்புத் துண்டு வைத்தவர்களில், ஸ்க்ரூ உள்ளவர்களுக்கு 82 விழுக்காடும் இல்லாதவர்களுக்கு 45 விழுக்காடும் எலும்பு ஒட்டியிருந்தது. ஆனால் இரண்டாண்டு முடிவில் வலி குறைவதிலும் நடப்பதிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எக்ஸ்ரே அழகாக இருப்பதும் நோயாளி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை எங்கள் துறைக்கு உணர்த்திய ஆய்வு அது. ஸ்க்ரூ இல்லாமல் எலும்புத் துண்டு மட்டும் வைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, உறுதியாக ஒட்டியவர்கள் ஒட்டாதவர்களைவிட நலமாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2016-இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. சுவீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வில், நரம்பை விடுவிப்பதோடு எலும்பையும் இணைத்ததால் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த சிறிய ஆய்விலோ, ஸ்க்ரூ வைத்து இணைத்தவர்களுக்கு உடல்நலம் பற்றிய மதிப்பீடு சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. மீண்டும் அறுவை தேவைப்பட்டவர்கள் இணைத்தவர்களில் 14 விழுக்காடு, இணைக்காதவர்களில் 34 விழுக்காடு. 2021-இல் நார்வேயில் 267 பேரிடம் நடந்த ஆய்வில், நரம்பை மட்டும் விடுவித்தவர்களில் சுமார் 71 விழுக்காட்டினரும், ஸ்க்ரூவும் வைத்தவர்களில் சுமார் 73 விழுக்காட்டினரும் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். அதாவது ஏறக்குறைய சமம். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை. மேலே சொன்ன, 66 பேரிடம் நடந்த 2016 அமெரிக்க ஆய்வில் ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்: குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் 3 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு நகர்ந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அவ்வளவு நகர்பவர்களுக்கு அந்த ஆய்வின் முடிவை அப்படியே பொருத்த முடியாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் எடுத்திருக்கும் நிலை இதுதான். எலும்பு நகர்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் ஸ்க்ரூ வைப்பது தேவையில்லை. அப்படி வைப்பது வழக்கமாகிப் போனதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. முதல் படி நகர்வு, குனிந்து நிமிரும்போது நகர்வு பெரிதாகக் கூடாமை, இடுப்பு வலியைவிடக் கால் வலி மிகுதி: இவை மூன்றும் இருந்தால் நரம்பை மட்டும் விடுவிக்கும் சிறிய அறுவையையே நான் முதலில் சொல்வேன். இரத்த இழப்பும், அறுவை நேரமும், தொற்று வாய்ப்பும் அதில் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. மாறாக, குனிந்தால் எலும்பு கண்கூடாக முன்னால் போகிறது, நின்றாலே இடுப்பு முறிவதுபோல் வலிக்கிறது, நரம்பு வெளியேறும் பக்கத் துவாரமும் கடுமையாக நெருக்கியிருக்கிறது, அல்லது நரம்பை விடுவிக்கப் பின்மூட்டையே பெருமளவு எடுக்க வேண்டியிருக்கும் என்றால், ஸ்க்ரூ வைக்காமல் விடுவது தவறு. சில ஆண்டுகளில் எலும்பு மேலும் சறுக்கி இரண்டாவது அறுவை வரலாம்.

உங்கள் அம்மாவுக்கு எடுத்திருப்பது எம்.ஆர்.ஐ. மட்டும். அது படுத்த நிலையில் எடுப்பது. படுக்கும்போது சறுக்கிய எலும்பு ஓரளவு பின்னால் போய் அமர்ந்துகொள்வதால், உண்மையான நகர்வு அதில் குறைவாகத் தெரியலாம். நின்றபடி பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று, ஆக மூன்று படங்கள் எடுக்கச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே எடுத்துவிடலாம். அந்தப் படங்களோடு இரண்டு மருத்துவர்களையும் மறுபடி பார்த்து, ‘எங்கள் அம்மாவுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, அந்த நகர்வை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வியால் எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார். பெரும்பாலும் படங்களைப் பார்த்ததும் இருவரின் கருத்தும் நெருங்கி வரும்.

இரண்டாவது விவரம் எலும்பின் உறுதி. மாதவிடாய் நின்று பத்தாண்டு கடந்த பெண்ணுக்கு எலும்பு அடர்த்தியை அளக்காமல் ஸ்க்ரூ வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். டெக்ஸா ஸ்கேன் என்று கேளுங்கள். அதில் டி-ஸ்கோர் என்று தரும் எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. தேய்ந்து முண்டும் முடிச்சுமாக இருக்கும் இடுப்பு முள்ளெலும்பில் அளந்தால் அடர்த்தி கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். ஆகவே தொடையெலும்பின் மேல்முனையில் அளந்த எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்புப்புரை இருந்தால் கதவு அடைபட்டது என்று பொருளல்ல. அவசரம் இல்லாதபோது சில மாதங்கள் எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு ஊசி போட்டுப் பலப்படுத்திய பின் அறுவை செய்யலாம். துளையுள்ள ஸ்க்ரூ வழியாக எலும்புச் சிமென்ட் செலுத்திப் பிடிப்பை உறுதியாக்கலாம். முன்பே தெரிந்தால்தான் இவற்றைத் திட்டமிட முடியும். வைட்டமின் டி அளவையும் பாருங்கள். வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் அது குறைவாக இருப்பவர்கள் மிகப் பலர்.

புகையிலையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீடி, சிகரெட் மட்டும்தான் கெடுதல் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். வாயில் அடக்கும் புகையிலையிலும் அதே நிகோடின் இருக்கிறது; அது சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புதிய எலும்பு வளர்வதைத் தடுக்கிறது. ஸ்க்ரூ வைப்பது என்று முடிவானால், குறைந்தது நான்கு வாரம் முன்பிருந்து, எலும்பு ஒட்டிவிட்டது என்று மருத்துவர் சொல்லும் வரை புகையிலையைத் தொடவே கூடாது. உங்கள் அம்மாவின் வயதில் இது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அவரைத் திட்டாமல், ஓட்டப்பந்தயத்தில் எலும்பு ஜெயிக்க அவர் மட்டுமே செய்யக்கூடிய உதவி இது என்று எடுத்துச் சொல்லுங்கள். ‘வெறும் வெற்றிலை பாக்கு போட்டால் போதுமா?’ என்று கேட்பார்; பாக்கும் வாய்க்குக் கேடுதான் என்றாலும், இந்த அறுவையைப் பொறுத்தவரை புகையிலையை விடுவதே முதல் வேலை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது அடுத்தது. உங்கள் கடிதத்தில் காலைச் சர்க்கரை அளவு மட்டுமே இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை வேண்டும். அது 7.5 அல்லது 8-க்கு மேல் இருந்தால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைக்கவே நான் சொல்வேன். உலோகத்தின் மீது கிருமி படிந்துவிட்டால் அதை மருந்தால் மட்டும் விரட்டுவது கடினம், சில நேரம் மீண்டும் திறந்து கழுவ வேண்டியிருக்கும். அறுவைக்கு முன் சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல், கால் புண் இருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

சர்க்கரை நோயோடு சேர்த்து இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உங்கள் அம்மா சொல்லும் கால் தொல்லை முழுவதும் முதுகிலிருந்துதான் வருகிறதா? நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகும் இழுப்பு முதுகெலும்பு நெருக்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் இரவில் படுத்த பின் உள்ளங்கால் எரிவதும் மரத்துப்போவதும் இருந்தால், அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். எத்தனை ஸ்க்ரூ வைத்தாலும் அது போகாது. கால் இரத்தக் குழாய் அடைப்பாலும் நடக்கும்போது கெண்டைக்கால் பிடிக்கும். அவர்களுக்கு உட்காராமல் நின்றாலே வலி தணியும், பாதத்தில் நாடித் துடிப்பு குறைந்திருக்கும். பாதத்தில் கை வைத்து நாடி பார்த்தார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை பார்க்கச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் ‘எல்லாம் செய்தும் எரிச்சல் போகவில்லை’ என்று மனம் நொந்து வருபவர்களில் பலருக்கு, எது போகும், எது போகாது என்பது முன்கூட்டியே சொல்லப்படவில்லை.

மீதிச் சந்தேகங்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். இப்போது பெரும்பாலும் பயன்படுவது டைட்டானியம் கலப்பு உலோகம். அதன் மேல் தானாகவே படியும் ஆக்சைடு ஏடு அதைக் காப்பதால் துருப்பிடிக்காது. எலும்பு ஒட்டியபின் அதை எடுக்கத் தேவையில்லை. தளர்ந்தால், உடைந்து வலி தந்தால், தொற்று வந்தால் மட்டுமே எடுப்போம். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்; ஸ்க்ரூ இருக்கும் இடத்தைச் சுற்றிப் படம் சற்று மங்கும், அவ்வளவுதான். ஸ்கேன் அறைக்குள் போகும்முன் உள்ளே உலோகம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

உள்நாடா வெளிநாடா என்ற கேள்விக்கு: உடலுக்குள் வைக்கும் இத்தகைய சாதனங்கள் இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் உரிமம் பெற்றே விற்கப்பட வேண்டும். உரிமம் பெற்ற உள்நாட்டு ஸ்க்ரூவும் அதே டைட்டானியம் கலவைதான். உற்பத்தியாளர் பெயர், தொகுதி எண், அளவு அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவின் உறையிலும் இருக்கும். அவற்றை நோயாளியின் குறிப்பேட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், அறுவைக் குறிப்பின் நகலையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் வேறு மருத்துவர் அதைத் தொட வேண்டியிருந்தால் எந்தக் கருவியால் கழற்றுவது என்பது அதிலிருந்துதான் தெரியும். இரண்டு மடங்கு விலைக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்த அறுவையை அடிக்கடி செய்யும் கையைத் தேடுவதில் அந்த முயற்சியைச் செலவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த மருத்துவமனையில் எந்த அறுவைக்கு அது செல்லும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஸ்க்ரூ வைப்பதாக முடிவானால் வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் சில உண்டு. மறுநாள் நடக்க வைப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பலாம். முதல் மூன்று மாதம் தரையில் உட்காருவதும், குனிந்து கூட்டுவதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும், இடுப்பைத் திருப்பி எட்டி எடுப்பதும் கூடாது. கட்டிலும், கையுள்ள நாற்காலியும், உட்காரும் கழிப்பறையும் முன்பே தயாராக இருக்கட்டும். நடையை மட்டும் நாளுக்கு நாள் கூட்டலாம்; இந்தக் காலத்தில் நடைதான் சிறந்த மருந்து. இரண்டு எலும்புகளை மட்டும் இணைப்பதால் முதுகின் வளைவில் சிறு பகுதியே குறைகிறது. குனிவதில் பெரும் பங்கு இடுப்பு மூட்டுக்கு உண்டு. எலும்பு ஒட்டியதை எக்ஸ்ரேயிலோ சி.டி.யிலோ உறுதிசெய்த பின் பலர் மறுபடி தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இணைத்த எலும்புக்கு மேலே உள்ள மூட்டு ஆண்டுகள் கடந்தபின் கூடுதலாகத் தேயக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஸ்க்ரூ தேவையா என்று இவ்வளவு யோசிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அதைச் சொல்லியாக வேண்டும். இப்போது உள்ள நிலையில், நடைவலி மட்டும் இருந்து கால் பலம் குறையாதிருந்தால், எக்ஸ்ரே, டெக்ஸா, சர்க்கரை, புகையிலை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்வதால் கேடு இல்லை. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவத் தொடங்கினால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் சிறுநீரோ மலமோ கசிந்தாலோ, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் சட்டென்று பலமிழந்தாலோ, அது நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளம். அப்போது பரிசோதனை, காப்பீடு, இரண்டாவது கருத்து எதற்கும் காத்திருக்காமல், முதுகெலும்பு அறுவை செய்யும் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே, இரவானாலும், அம்மாவை அழைத்துச் செல்லுங்கள்.